உலையின் ஆயுள்

2024 செப்டம்பர் 30, திங்கட்கிழமை. பிரிட்டனில் அன்று ஒரே நாளில் இரண்டு நெருப்புகள் அணைந்தன. நாட்டிங்ஹாம் பக்கத்தில் ராட்கிளிஃப்-ஆன்-சோர் என்ற அனல்மின் நிலையம், அந்த நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம், நிரந்தரமாக மூடப்பட்டது. 1882இல் லண்டன் ஹோல்போர்ன் பகுதியில் உலகின் முதல் நிலக்கரி மின்நிலையம் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் 142 ஆண்டுகள். அதே நாளில் தென் வேல்ஸ் கடற்கரையில் போர்ட் டால்பட் என்ற ஊரில், டாடா ஸ்டீல் ஆலையின் நான்காம் எண் ஊதுலை கடைசியாக ஒருமுறை இரும்பைக் கொட்டிவிட்டு நின்றது. அதன் ஜோடி உலையான ஐந்தாம் எண்ணை ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டும் புவி சூடாவதைத் தடுக்கும் வேலையின் பகுதிதான். ஆனால் இரண்டையும் ஊர் ஏற்றுக்கொண்ட விதத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தப்போகிறோம் என்று பிரிட்டிஷ் அரசு 2015லேயே சொல்லிவிட்டது. ராட்கிளிஃபில் வேலை பார்த்தவர்களுக்கு வேறு வேலை தேடவும், வேறு தொழில் கற்கவும், ஓய்வுபெறவும் ஆண்டுக்கணக்கில் நேரம் கிடைத்தது. போர்ட் டால்பட்டில் திட்டம் வெளியானது 2023 செப்டம்பரில். 2024 ஜனவரியில் முடிவு உறுதியானது. அடுத்த செப்டம்பருக்குள் இரண்டு உலைகளும் ஆறிவிட்டன. பிரிட்டன் முழுவதும் சுமார் 2,800 வேலைகள் போயின. பெரும்பகுதி அந்த ஒரே ஊரில். முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் அது. நடிகர் ஆன்டனி ஹாப்கின்ஸ் பிறந்த ஊர் என்பது வெளியுலகுக்குத் தெரியும். உள்ளூரில் யாரைக் கேட்டாலும் ஆலையைத்தான் சொல்வார்கள். 1960களில் 18,000 பேர் அளவுக்கு வேலை பார்த்த இடம்.

ஒன்று சுமுகமாகவும் மற்றது ரணமாகவும் முடிந்ததற்கு அரசியல் காரணங்கள் நிறையச் சொல்லலாம். ஆனால் அடியில் இருப்பது வேதியியல். அதை முதலில் பார்த்துவிட்டால்தான் மற்றவை புரியும்.

மின்நிலையத்தில் நிலக்கரிக்கு ஒரே ஒரு வேலை: எரிந்து தண்ணீரை நீராவியாக்குவது. அந்த வேலையை எரிவாயு செய்யலாம், அணு செய்யலாம். காற்றாலையும் சூரியத் தகடும் நீராவியே இல்லாமல் மின்சாரம் தரும். கம்பியில் வந்து சேரும் மின்சாரத்துக்கு ஊர் பேர் கிடையாது. அதனால்தான் 2012இல் பிரிட்டனின் மின்சாரத்தில் சுமார் 40 விழுக்காடாக இருந்த நிலக்கரி, 2023இல் ஒரு விழுக்காட்டுக்கு இறங்க முடிந்தது. வீட்டில் எரியும் பல்புக்கு வித்தியாசமே தெரியவில்லை.

இரும்பு விஷயம் அப்படியல்ல. இரும்புத் தாது என்பது அடிப்படையில் துருதான். பூமியில் ஆக்சிஜன் பெருகிய பழங்காலத்தில், கடலில் கரைந்திருந்த இரும்பெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்தது. இன்று நாம் தோண்டும் பெரும் தாதுப் படிவங்கள் பல அப்படி உண்டானவை. இரும்பும் ஆக்சிஜனும் அவ்வளவு எளிதில் பிரிவதில்லை. வெறும் சூடு போதாது. இரும்பைவிட ஆவலோடு ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த மூன்றாவது ஆள் கரி. முதலில் மரக்கரி, பிறகு நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் கற்கரி. உலைக்குள் கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது, அது தாதுவின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது, இரும்பு மிஞ்சுகிறது.

ஆகவே எஃகு ஆலையின் புகைபோக்கியில் வருவதெல்லாம் எரிபொருளின் புகை மட்டுமல்ல. அதில் பெரும்பங்கு வேதிவினையின் விளைபொருள். அந்தச் சமன்பாட்டைத் தாளில் எழுதிக் கூட்டினாலே, 1 டன் இரும்புக்குச் சுமார் 1.2 டன் கார்பன் டை ஆக்சைடு வந்துவிடும். உண்மையான ஆலையில் சூடாக்குவது, கற்கரி சுடுவது, தாதுப்பொடியைக் கட்டியாக்குவது எல்லாம் சேர்ந்து 1 டன் எஃகுக்கு 2 டன்னைத் தாண்டும். உலகம் ஆண்டுக்கு 190 கோடி டன்னை ஒட்டி எஃகு செய்கிறது. மனிதர் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் 7 விழுக்காட்டுக்குக் குறையாமல் எஃகின் கணக்கில் சேர்கிறது.

ஊதுலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மனிதர் கட்டிய பொறிகளில் அதற்கு இணையாக வியக்க வைப்பவை குறைவு. நூறடி உயரத்துக்குக் குறையாத இரும்புக் கோபுரம். உள்ளே முழுக்க வெப்பம் தாங்கும் செங்கல். மேலிருந்து கற்கரி ஓர் அடுக்கு, தாது ஓர் அடுக்கு என்று இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். கீழேயிருந்து 1,200 டிகிரி அளவுக்குச் சுடவைத்த காற்று பீறிட்டு நுழையும். அது கற்கரியைத் தொடும் இடத்தில் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். மேலே போட்ட தாது மெல்ல மெல்ல இறங்கி, பல மணி நேரம் கழித்து, உருகிய இரும்பாக அடியில் சேரும். இதில் கற்கரி செய்யும் வேலை மூன்று. சூடு தருகிறது. ஆக்சிஜனைப் பிடுங்கும் வாயுவைத் தருகிறது. மூன்றாவது வேலை பலருக்குத் தெரியாது: தாது உருகி ஒழுகும் இடத்தில் உருகாமல் நிற்கும் ஒரே திடப்பொருள் கற்கரிதான். மேலே அழுத்தும் ஆயிரக்கணக்கான டன் பாரத்தைத் தாங்கி, காற்று மேலேற இடுக்கு விட்டு, இரும்பு கீழிறங்க வழிவிடுவதும் அதுவே. கற்கரியை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டால் உலை சரிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் ஊதுலையைச் சீர்திருத்திச் சுத்தமாக்குவது என்பது ஓரளவுக்குத்தான் நடக்கும். பிறகு உலையையே மாற்ற வேண்டும்.

இன்னொன்று: ஊதுலையை நினைத்தபோது நிறுத்தி நினைத்தபோது பற்றவைக்க முடியாது. ஆறினால் உள்ளே இருப்பது உறைந்து ஒரே பாறையாகிவிடும். ஒருமுறை மூட்டினால் உட்சுவர்ச் செங்கல் தேய்ந்து தீரும்வரை, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள், அணையாமல் எரியும். பிறகு அணைத்து, குளிரவைத்து, மாதக்கணக்கில் புதுச் செங்கல் கட்டி, மீண்டும் மூட்ட வேண்டும். கோடிக்கணக்கான பணம் பிடிக்கும் வேலை. போர்ட் டால்பட்டின் நான்காம் எண் உலைக்கு அப்படிப் புதுப்பித்தல் முடிந்தது 2013இல். ஆக, ஒவ்வோர் உலைக்கும் ஆயுள் கெடு ஒன்று உண்டு. அது செங்கல்லில் எழுதியிருக்கிறது. முதலாளிக்குத் தெரியும், பொறியாளருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியும். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சுற்றிச் சுற்றி வருவது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

கரியின் கணக்கு தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. 1830களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் முன்னாள் அதிகாரி ஜோசையா மார்ஷல் ஹீத், பரங்கிப்பேட்டையில் மேற்கத்தியப் பாணி இரும்பாலை கட்டினார். சேலத்துக் காந்தத் தாது, காட்டு மரக்கரி. தாது தீரவில்லை, கரிதான் தீர்ந்தது. சுற்றியிருந்த காடுகளால் அந்தப் பசிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஹீத்தின் சொந்தக் கதையும் பரிதாபம். உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார்; ஷெஃபீல்டு முதலாளிகள் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடித்து, காசு கொடுக்காமலே அந்த முறையைக் கைக்கொண்டார்கள். வழக்காடியே ஓய்ந்துபோனார் மனிதர். தொழில்நுட்பம் மாறும்போது ஆதாயம் ஓரிடத்திலும் நட்டம் வேறிடத்திலும் சேர்வதற்கு இது பழைய உதாரணம்.

போர்ட் டால்பட்டில் ஊதுலைகளின் இடத்துக்கு வருவது மின்வில் உலை. ஆளுயரத்தைவிடப் பெரிய கிராஃபைட் தண்டுகள் மூன்று பழைய இரும்புக் குவியலுக்குள் இறங்கும். அவற்றுக்கும் இரும்புக்கும் நடுவே மின்னல் பாயும். ஒரு மணி நேரத்துக்குள் வண்டி, கட்டிலென்று வந்ததெல்லாம் உருகித் திரவமாகிவிடும். இங்கே தாது இல்லை, அதனால் ஆக்சிஜனைப் பிடுங்கும் வேலை இல்லை, அதனால் கரி ஏறக்குறைய வேண்டாம். வேண்டும்போது நிறுத்தலாம், காற்று நன்றாக வீசி மின்சாரம் மலிந்த நேரத்தில் ஓட்டலாம். 125 கோடி பவுண்டு செலவில், ஆண்டுக்கு 32 லட்சம் டன் உருக்கும் உலைக்கு 2025 ஜூலையில் கட்டுமானம் தொடங்கியது. 2027 கடைசியிலோ 2028 தொடக்கத்திலோ ஓடும் என்பது திட்டம். ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சமாகும் என்கிறார்கள். பிரிட்டனின் மொத்த வெளியேற்றத்தில் இது ஒன்றரை விழுக்காடு. ஒரே ஆலை!

வேலை எங்கே போனது என்பதும் இந்த இடத்தில்தான் தெரிகிறது. கப்பலிலிருந்து தாதுவும் நிலக்கரியும் இறக்கும் துறை, கற்கரி சுடும் அடுப்புகள், தாதுப்பொடியைக் கட்டியாக்கும் பிரிவு, ஊதுலைகள், உருகிய இரும்பை ஏற்றிச் செல்லும் ரயில், ஆக்சிஜன் ஊதி இரும்பை எஃகாக்கும் பிரிவு: ஒன்றையொன்று ஊட்டும் இந்தச் சங்கிலி முழுவதும் தாதுவிலிருந்து கரியைக் கொண்டு ஆக்சிஜனைப் பிரிப்பதைச் சுற்றியே அமைந்தது. அந்த வேதிவினை தேவையில்லை என்றால் சங்கிலியும் தேவையில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் ஆட்களைக் குறைக்கவில்லை. சமன்பாட்டிலிருந்து கரியை அடித்தபோது ஆட்களும் சேர்ந்தே அடிபட்டுப் போனார்கள். பாய்போல் சுருட்டிய எஃகுத் தகடு தயாரிக்கும் பின்பகுதி மட்டும் தொடர்கிறது. புது உலை வரும்வரை அதற்குத் தீனி, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் எஃகுப் பாளங்கள். அவை வருவது பெரும்பாலும் நெதர்லாந்து, இந்தியா போன்ற நாடுகளின் ஊதுலைகளிலிருந்து. வேல்ஸில் அணைந்த புகை கொஞ்ச காலத்துக்கு வேறு வானத்தில் ஏறுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மின்வில் உலைக்கு எதிரி ஒன்று உண்டு: செம்பு. பழைய காரை நசுக்கி உலையில் போடும்போது அதிலுள்ள வயரும் மோட்டாரும் சேர்ந்தே போகின்றன. கார்பன், சிலிக்கான் போன்றவற்றை ஆக்சிஜன் ஊதி எரித்து நீக்கிவிடலாம். செம்பு அப்படி எரியாது. ஆக்சிஜனைப் பிடிப்பதில் இரும்புதான் அதை முந்திக்கொள்ளும். ஆயிரத்தில் ஓரிரு பங்கு செம்பு தங்கினாலே, பழுக்கக் காய்ச்சித் தகடாகத் தட்டும்போது மேற்பரப்பில் வெடிப்பு விடும். கட்டடக் கம்பிக்குப் பரவாயில்லை. கார்க் கதவுக்கும் உணவு டப்பாவுக்கும் ஆகாது. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் செம்பு கூடுமே தவிரக் குறையாது. செம்பை விலக்க இன்றுள்ள நம்பகமான வழி, உலைக்குப் போகும் முன்பே கையாலோ எந்திரத்தாலோ பிரித்தெடுப்பதுதான். அதாவது, மிக நவீனமான பசுமை எஃகின் தரம் காயலான் கடையில் நிர்ணயமாகிறது. நம் ஊரில் குனிந்து உட்கார்ந்து வயரை உரித்துச் செம்பைத் தனியே குவிக்கும் ஆள் இந்தத் தொழிற்சங்கிலியின் முதல் கண்ணி. எந்தத் தொழிற்சங்கப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது. சுத்த எரிசக்தி மாற்றத்தில் நியாயம் பேசுகிறவர்கள் அவரை விட்டுவிட்டுப் பேசுவது எனக்கு வினோதமாகப் படுகிறது.

அப்படியானால் இந்தியாவும் பழைய இரும்பை உருக்கிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். முடியாது. காரில் போட்ட எஃகு பதினைந்து ஆண்டில் திரும்பி வரும். கட்டடத்தில், பாலத்தில் போட்டது இரண்டு தலைமுறை கழித்துத்தான் வரும். பிரிட்டன் நூற்றைம்பது ஆண்டுகளாக எஃகைக் குவித்த நாடு. அங்கே ஆண்டுதோறும் ஒரு கோடி டன் அளவுக்குப் பழைய இரும்பு சேர்கிறது. பெரும்பகுதியை இதுவரை வெளிநாட்டுக்கு விற்றார்கள். அந்த இரும்பு 'சுத்தமாக' இருப்பதற்குக் காரணம், அதன் புகையைத் தாத்தாக்கள் காலத்திலேயே விட்டாயிற்று என்பதுதான். வளர்ந்த நாடுகளில் தலைக்குப் பத்து டன்னை ஒட்டி எஃகு புழக்கத்தில் இருக்கிறது: கட்டடமாக, தண்டவாளமாக, வண்டியாக. இந்தியாவில் அதில் சிறு பங்குதான். நமக்கு வீடும் பாலமும் ரயிலும் இனிமேல்தான் வரவேண்டும். அதற்கான எஃகை உருக்கிக் கொடுக்கப் பழைய இரும்பு இங்கே இல்லை. பழைய இரும்பு என்பது ஒருவகைப் பரம்பரைச் சொத்து. அது உள்ளவர்களுக்கு மாற்றம் மலிவு. 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம், எல்லையில் நுழையும் எஃகுக்கு அதன் கார்பனைப் பொறுத்துக் கட்டணம் விதிக்கும் ஏற்பாட்டை முழுமையாகத் தொடங்கியிருக்கிறது. கார்பனுக்கு விலை வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பரம்பரைச் சொத்து உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே தராசில் நிறுத்துவதை நியாயம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

தாதுவிலிருந்தே சுத்தமாக இரும்பு எடுக்க வழியுண்டா? உண்டு. ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் மூன்றாவது ஆளாக ஹைட்ரஜனை வைக்கலாம். அப்போது புகைபோக்கியில் வருவது வெறும் நீராவி. தாது உருகக்கூடச் செய்யாது; 800, 900 டிகிரிச் சூட்டில், கட்டியாக இருக்கும்போதே ஆக்சிஜனை இழந்து, துளைகள் நிறைந்த இரும்பாகும். சுவீடனின் லூலியோ நகரில் எஸ்எஸ்ஏபி, எல்கேஏபி, வாட்டன்ஃபால் என்ற மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 2020இல் இதற்கு முன்னோட்ட ஆலை ஓட்டின. 2021 ஆகஸ்டில் அப்படி எடுத்த முதல் எஃகு வால்வோ நிறுவனத்துக்குப் போனது. அறிவியல் கதை அல்ல, நடக்கிற காரியம்.

விலைதான் கடிக்கிறது. 1 டன் இரும்புக்குக் கணக்குப்படி 54 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிளந்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட் மின்சாரம் என்று வைத்தால், 2,700 யூனிட். தமிழ்நாட்டு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அந்த இலவசத்தை நாலரை ஆண்டு சேர்த்தால் ஒரு டன் இரும்புக்கான ஹைட்ரஜன் கிடைக்கும். அவ்வளவு மின்சாரமும் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வரவேண்டும். நிலக்கரி மின்சாரத்தில் செய்தால் முழுக் காரியமும் வீண். ஆர்செலர்மிட்டல் நிறுவனம் ஜெர்மனியில் இதற்கென அரசு ஒதுக்கிய 130 கோடி யூரோ மானியத்தையே 2025 ஜூனில் வேண்டாமென்று சொல்லிவிட்டது. மின்கட்டணம் கட்டுப்படியாகாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நம் தாதுவுக்கு இன்னொரு தொல்லை: அதில் அலுமினா அதிகம். ஊதுலை அதைக் கசடாக்கித் தள்ளிவிடும். ஹைட்ரஜன் முறைக்கு வடிகட்டியெடுத்த உயர்தரத் தாது வேண்டும்.

தொழிலாளியின் பக்கம் வருவோம். 1990களில் அமெரிக்காவில் டோனி மஸோக்கி என்ற தொழிற்சங்கத் தலைவர் ஒரு கேள்வி எழுப்பினார். எண்ணெய், ரசாயன, அணுத் தொழிலாளர்களின் சங்கத்துக்காரர் அவர். நச்சைக் கக்கும் ஆலையை மூட வேண்டியது அவசியம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாம் உலகப்போரில் சிப்பாயாகப் போய் வந்தவர். திரும்பிய சிப்பாய்களை அரசு சும்மா அனுப்பவில்லை, படிப்பும் படிக்கும் காலத்துக்குப் படியும் கொடுத்தது என்பது தெரியும். நஞ்சு கலந்த மண்ணைத் துப்புரவாக்க அரசு நிதி ஒதுக்கும்போது, அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். அந்தக் கேள்வி வளர்ந்து, 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகப்புரையில் 'உழைப்பாளர்களுக்கு நியாயமான மாற்றம்' என்ற சொற்களாக இடம்பிடித்தது.

இதை ஒழுங்காகச் செய்துகாட்டிய இடம் ஒன்று ஜெர்மனியின் ரூர் பகுதி. ஆழச் சுரங்க நிலக்கரிக்கான மானியத்தை 2018இல் நிறுத்துவது என்று 2007இல் முடிவெடுத்தார்கள். அப்போது 30,000 பேருக்கு மேல் சுரங்கத்தில் இருந்தார்கள். பதினோரு ஆண்டு அவகாசத்தில், நிலத்தடியில் உழைத்தவருக்கு 50 வயதில் ஓய்வூதியம், இளையவருக்கு வேறு தொழில் என்று பிரித்து, யாரையும் கட்டாயமாக வெளியே அனுப்பாமல் முடித்தார்கள். 2018 டிசம்பர் 21 அன்று போட்ராப் நகரின் கடைசிச் சுரங்கத்திலிருந்து எடுத்த கடைசிக் கரிக்கட்டி குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர் கையில் கொடுக்கப்பட்டது. செலவு கொஞ்சநஞ்சமல்ல. நூறாண்டுக்கு மேல் குடைந்ததில் நிலமே பல மீட்டர் இறங்கிவிட்டதால், ஊர்கள் ஏரியாகாமல் இருக்க அங்கே பம்புகள் என்றென்றைக்கும் ஓடவேண்டும். அதற்கும் ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். சுரங்கத்துக்குச் சாவு வந்தபிறகும் திதி கொடுக்கப் பணம் ஒதுக்கிய சமூகம்.

தென் வேல்ஸுக்கு இதன் மறுபக்கம் தெரியும். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றபிறகு அங்கே சுரங்கங்கள் மளமளவென்று மூடப்பட்டன. அதன் பள்ளத்தாக்கு ஊர்களில் பல இன்னும் எழவில்லை. ஒரே ஒரு விசித்திர விதிவிலக்கு: லாபமில்லை என்று 1994இல் மூடப்பட்ட டவர் சுரங்கத்தை, டைரோன் ஓ'சல்லிவன் தலைமையில் 239 தொழிலாளர்கள் ஆளுக்கு 8,000 பவுண்டு விலகல் தொகையைப் போட்டு வாங்கி, 1995இல் திறந்து, கரி தீர்ந்த 2008 ஜனவரிவரை நடத்தினார்கள். கணக்குப் புத்தகம் சொல்லும் லாபநட்டம் யார் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நினைவோடுதான் போர்ட் டால்பட்டின் சங்கங்கள் 2023இல் ஒரு மாற்றுத் திட்டம் வைத்தன: மின்வில் உலை வரட்டும், ஆனால் நான்காம் எண் ஊதுலையை 2032 வரை ஓட்டுவோம். நிறுவனம் மறுத்தது. நாளொன்றுக்குப் பத்து லட்சம் பவுண்டு நட்டம் என்றது. இரண்டையும் ஒருசேர நடத்துவது கட்டுப்படியாகாது என்றது. இரண்டு தரப்பிலும் நேர்மையான வாதம் இருந்தது. 2013இல் கட்டிய செங்கல்லுக்கு 2032 என்பது ஆயுள் எல்லைதான். சங்கங்கள் கேட்டது அளவுமீறிய காலமல்ல. அதேசமயம், நட்டத்தில் ஓடும் உலையை இன்னும் எட்டாண்டு யார் செலவில் ஓட்டுவது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியது அரசு. அரசு பணம் கொடுக்காமலில்லை. புது உலைக்கு 50 கோடி பவுண்டு கொடுத்தது. வேலையிழந்தோருக்கும் ஊருக்குமான நிதியில் அதன் பங்கு 8 கோடி. டாடா 2 கோடி. நிறுவனம் தந்த விலகல் தொகை தனி. உலைக்கு ஐம்பது, ஊருக்கு எட்டு: இந்த விகிதத்தைப் பார்த்தால் யாருடைய மாற்றத்துக்கு யோசித்துத் திட்டமிட்டார்கள் என்பது விளங்கும். 2013இல் அந்த உலைக்குப் புதுச் செங்கல் வைத்தபோதே, பிரிட்டனின் பருவநிலைச் சட்டத்துக்கு ஐந்து வயது. அன்றே அடுத்த செங்கல் இருக்காது என்று ஊகித்து, ஆட்களுக்கும் ஒரு நாட்காட்டி போட்டிருக்கலாம். போடவில்லை.

போர்ட் டால்பட்டின் கடைசி உலை அணைவதற்குப் பத்து நாள் முன்பு, 2024 செப்டம்பர் 20 அன்று, அதே டாடா ஸ்டீல் ஒடிசாவின் கலிங்கநகரில் இந்தியாவின் மிகப்பெரிய ஊதுலையை மூட்டியது. கொள்ளளவு 5,870 கன மீட்டர். 27,000 கோடி ரூபாய் விரிவாக்கத்தின் பகுதி. ஆலையின் திறன் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னிலிருந்து 80 லட்சம் டன்னாகிறது. இதைப் பாசாங்கு என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவது எளிது. எஃகு வேண்டிய நாடு, பழைய இரும்பு இல்லாத நாடு, ஹைட்ரஜன் விலை இறங்காத காலம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அந்த உலை ஏன் வந்தது என்பது விளங்கும். பிடிக்கிறதா என்பது வேறு.

கலிங்கநகரின் மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2006 ஜனவரி 2 அன்று, அந்த ஆலைக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப வந்தபோது எதிர்த்த ஆதிவாசிகள் மீது போலீஸ் சுட்டதில் 12க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஆலையில் ஒரு வேலை என்பது இந்தியாவின் பெருந்தொழில்களில் நெடுநாள் வழக்கு. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு வேலை என்பது சம்பளம் மட்டுமல்ல, விட்டுக்கொடுத்த வயலின் விலை. வேலை போனால் திரும்பிப் போக வயல் இராது. அந்த ஆலைகளின் கணிசமான வேலை ஒப்பந்தக்காரர்கள் கையில். அவர்களின் கீழ் உழைப்பவருக்கு வேல்ஸ் தொழிலாளிக்குக் கிடைத்த விலகல் தொகைகூட எழுத்தில் இல்லை.

இப்போது செங்கல் கணக்கைப் போடலாம். 2024இல் மூட்டிய உலைக்கு 15 முதல் 20 ஆண்டு என்றால், உட்சுவர் தேய்ந்து தீர்வது 2039க்கும் 2044க்கும் இடையில். கார்பன் வெளியேற்றத்தை நிகர சுழியமாக்க டாடா ஸ்டீல் தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் கெடு 2045; இந்தியாவின் கெடு 2070. புதுச் செங்கல் வைத்து இன்னொரு இருபது ஆண்டு ஓட்டுவதா, ஹைட்ரஜனுக்கோ மின்வில்லுக்கோ மாறுவதா என்ற தீர்மானம் அந்த இடைவெளியில் வந்தே தீரும். 2024இல் 22 வயதில் அங்கே சேர்ந்தவருக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது: ஓய்வுபெற முடியாத, புதுத் தொழில் கற்க முடிந்த வயது. உலையைப் புதுப்பிக்க வேண்டுமானால் இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டும். ஆகவே நிர்வாகத்தின் பேச்சு 2030களின் பின்பாதியிலேயே தொடங்கிவிடும். போர்ட் டால்பட்டுக்குக் கிடைத்த அவகாசம் ஓராண்டு. கலிங்கநகரின் தொழிலாளர்களுக்கும், ஒப்பந்த ஆட்களுக்கும், நிலம் கொடுத்த குடும்பங்களுக்கும் இன்னும் பத்தாண்டுக்கு மேல் கையில் இருக்கிறது.